கதவைப் பிடித்தபடி

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் மறுபடியும் வந்து நின்று கதவைத் திறந்தபோது அவள் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். காலரில் தொடங்கி நெஞ்சு வரை வந்திருந்தாள். வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் லிஃப்ட் நேராகத் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, ஆள் மட்டும் இல்லை. யாருக்காகவோ காத்திருந்துவிட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"பார்த்தியா, மறுபடியும் வந்துட்டுப் போகுது," என்று அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "காலையிலேருந்து இதே கூத்தா இருக்கு."

"கீழ யாராவது பட்டனை அமுக்கியிருப்பாங்க," என்றார் பெரியப்பா.

"கீழ அமுக்கினா கீழதானே போகணும்? இங்க எதுக்கு வருது?"

பதில் தெரியாத கேள்வி வந்தால் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போதும் துடைத்தார்.

அம்மா மட்டும் திரும்பியே பார்க்கவில்லை. அப்பாவின் தலைமுடியை ஈரச் சீப்பால் படிய வாரிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை படியாத முடி இன்று சொன்னபடி கேட்டது. "மீதிப் பொத்தானையும் போட்டுடும்மா, வயித்துல காத்துப் பட்டா அவருக்கு ஆகாது," என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. சீப்பை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டவை. இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். விடிகாலையில் எழுந்து தண்ணீர் குடித்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார், டாக்டர் வருவதற்குள் கதை முடிந்துவிட்டது. யாரையும் காக்க வைக்கப் பிடிக்காத மனுஷன் சாவிலும் அப்படியே நடந்துகொண்டார்.

அவரோடு லிஃப்டில் ஏறியவர்களுக்கு அவருடைய ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். பட்டன் பலகைக்குப் பக்கத்து மூலைதான் அவர் இடம். ஏறுகிறவரிடம் "எங்க போகணும்?" என்று கேட்பார். ஏறியவர் வாயைத் திறந்து சொல்லும்வரை அப்பா பட்டனைத் தொட மாட்டார். மூன்றாவது மாடிக்காரர் ஒருமுறை எரிந்து விழுந்தார்: "தினமும் பார்க்கறீங்க, நான் எங்க இறங்குவேன்னு தெரியாதா?" அப்பா சிரித்துக்கொண்டே, "தெரியும் சார். இன்னிக்கு நீங்க வேற எங்கயாவது போகணும்னு நினைச்சிருந்தா?" என்றார். இறங்கும்போது எல்லோரும் போகும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியாகத்தான் அவர் வெளியே வருவார்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அதே கேள்விதான் கேட்டார். பள்ளியில் மேல்வகுப்புக்கு எந்தப் பாடங்களை எடுக்கப்போகிறாள் என்று சொல்லக் கடைசி நாள் இன்று. இப்போது எடுப்பதை வைத்துத்தான் பிறகு பல்கலைக்கழகத்தில் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதெல்லாம். தெரு முழுக்க அதே பேச்சு.

"எங்கம்மா போகணும், பெரிய மனுஷி?"

"நாளைக்குச் சொல்றேன்ப்பா."

"சரி, மெதுவாச் சொல்லு. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்," என்று சொல்லித் தட்டைக் கழுவப் போனார். சொல்லாமல் தூங்கப் போய்விட்டோமே என்பது காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அழுகைகூட அதைத் தாண்டி வர மாட்டேன் என்றது.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் மொட்டை மாடி மோட்டார் அறைக்கு அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் உள்ளே எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க, அவள் வெளியே படுத்து மேகம் பார்ப்பாள். எது மழை கொண்டுவரும், எது ஏமாற்றும் என்று சொல்லிச் சொல்லி, இப்போது துணி உலர்த்தும் பெண்கள் அவளைக் கேட்டுத்தான் கொடியில் போடுகிறார்கள். வானிலை படிக்க வேண்டும். அதற்குக் கணக்கும் இயற்பியலும் புவியியலும் வேண்டும். புவியியல் என்றதுமே எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். தேறாத பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் என்று அதற்குப் பேர்.

பொத்தான் போட்டு முடித்தபோது பெரியப்பா தொண்டையைச் செருமினார். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, உலகத்தில் பிறந்த எல்லோரும் டாக்டராக வேண்டும் என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டவர் அவர்.

"ஸ்கூலுக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்மா. உயிரியல்தான். அவனோட கடைசி ஆசை அது. போன வாரம்கூட எங்கிட்ட, 'ஆமாண்ணே, டாக்டர்தான்'னு சொன்னான்."

"உங்ககிட்ட அப்படியா சொன்னான்?" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கிட்ட வணிகவியல்னு சொன்னானே! பொம்பளைப் பிள்ளைக்கு ஆபீஸ் வேலைதான் பாந்தம்னு நான் சொன்னேன், 'ஆமாக்கா, நீ சொல்றதுதான் சரி'ன்னான்."

வாசலோரம் நின்றிருந்த சாவி மாமா, அப்பாவோடு வேலை பார்த்தவர், மெதுவாக வாயைத் திறந்தார். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்குவதால் அந்தப் பேர். "எங்கிட்ட இன்ஜினியர்னாரு," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று விழித்தார்.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. அப்பா யார் சொன்னதற்கும் தலையாட்டுகிற ஆள். அவளிடம் மட்டும்தான் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அவருடைய ஆசைக்கு ஆளாளுக்கு வாரிசாகக் கிளம்பிவிட்டார்கள், அவர் கைகட்டிப் படுத்திருந்தார்.

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஐயோ!" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அடுக்களை வாசலில் அம்மா வந்து நின்று, முதல்முறையாக லிஃப்டையே உற்றுப் பார்த்தாள்.

"முதல்ல அதை நிறுத்துய்யா!" என்று பெரியப்பா சாவி மாமாவிடம் கத்தினார். "சாவு வீட்ல இது என்ன விளையாட்டு? எப்படியும் உடம்பைப் படி வழியாத்தான் இறக்கணும். மேல போய் மெயினை அணைச்சிட்டு வா."

சாவி மாமா கொத்துச் சாவி குலுங்க மொட்டை மாடிக்குப் படியேறினார். லிஃப்ட் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. அது மறுபடி மேலே வரும் சத்தம் கேட்கவில்லை.

வகுப்பு டீச்சர் அங்கேதான் இருந்தார். பள்ளியிலிருந்து நேரே வந்து, அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர், பேச்சு இப்படித் திரும்பியதும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எழுந்துகொண்டார். "நான் கிளம்பறேன்மா." அவரை வழியனுப்ப அவள் கூடப் போனாள். வெளியே வந்தபோது லிஃப்ட் ஐந்தாவது மாடியில் திறந்து நின்றது. சாவி மாமா இன்னும் மேலே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இருவரும் ஏறினார்கள். விசிறி ஓடவில்லை. பெரிய விளக்கு அணைந்து, கூரையில் சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. டீச்சர் கையை நீட்டிக் கீழ்த்தளப் பட்டனை அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது.

"இன்னிக்குப் போய் இதைக் கேக்கறதுக்கு எனக்கே கூசுது," என்றார் டீச்சர். "ஆனா சாயங்காலத்தோட முடியுது. பிரின்ஸிபால்கிட்ட இன்னும் ஒருநாள் அவகாசம் கேட்டேன், முடியாதுன்னுட்டார். அப்புறம் மாத்தவே முடியாது. பெரியப்பா சொன்னபடி உயிரியல்னே பதிஞ்சிடட்டுமா?"

"ம்... அவங்க எல்லாரும் சொல்றபடியே..." என்று அவள் இழுத்தாள்.

லிஃப்ட் நகரவில்லை.

டீச்சர் மறுபடியும் அழுத்தினார். பட்டனில் வெளிச்சமே வரவில்லை. கதவைத் திறக்கிற பட்டனை அழுத்தினார், அதுவும் கேட்கவில்லை. வெளியே கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒன்றும் உள்ளே வரவில்லை. மெஷின் எண்ணெய் வாசனை லேசாக அடித்தது. அப்பாவின் வேலைச் சட்டையைத் துவைக்கப் போடும்போது அடிக்கிற வாசனை.

"மாட்டிக்கிட்டோமா?" டீச்சர் கதவைத் தட்டினார். "யாரையாவது கூப்பிடும்மா."

அவள் கூப்பிடவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். பட்டன் அழுத்த நீட்டிய கையை இழுத்துக்கொண்ட டீச்சரும் அவளும் எதிர்ப்பக்கச் சுவரில் ஒடுங்கி நின்றிருந்தார்கள். இருப்பது இரண்டே பேர், ஆனால் பலகைக்குப் பக்கத்து மூலையை யாருக்கோ விட்டிருந்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம்தான். பயத்துக்கு நடுவில் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, ஏனென்றால் அந்த மூலையிலிருந்து என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"கணக்கு, இயற்பியல், புவியியல்," என்றாள். மூலையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"என்னது?"

"உயிரியல் வேண்டாம் டீச்சர். எனக்கு வானிலை படிக்கணும்."

"புவியியல் எடுத்தா மருத்துவப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. தெரியும்ல? அவசரப்படாத. நீ இருக்கற நிலைமையில..."

"தெரியும் டீச்சர். நேத்தே சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லிட்டேன்."

ஒரு சின்னக் குலுக்கல். லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. வழக்கமான இரைச்சல் எதுவும் இல்லாமல் மெதுவாக இறங்கியது. நான்கு, மூன்று, இரண்டு என்று கதவிடுக்கில் தளங்களின் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கீழே கதவு திறந்தபோது எதிரே சாவி மாமா நின்றிருந்தார். லிஃப்ட் ஓடாது என்று எழுதிய அட்டையைக் கதவில் மாட்டுவதற்காகக் கையில் வைத்திருந்தார். அட்டை கை நழுவிக் கீழே விழுந்தது.

"எப்படி வந்தீங்க?"

"லிஃப்ட்லதான் மாமா."

"மெயினை இறக்கி, பூட்டி, சாவியைக் கையோட எடுத்துக்கிட்டுப் படி வழியா இறங்கி வர்றேன்." அவர் சாவிக் கொத்தைத் தூக்கிக் காட்டினார். சாவிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. "பேட்டரியில ஓடினாக்கூடப் பக்கத்து மாடி வரைக்கும்தான் வரும். அங்கயே நின்னுடும். கீழ வரைக்கும் வராது. வரவே வராதும்மா."

டீச்சர் வெளியே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வாசல்வரை போனார். அங்கே நின்று, "சொன்னபடியே பதிஞ்சிடறேன்," என்றார். பிறகு விறுவிறுவென்று தெருவில் நடந்தார். படிக்கட்டில் மேலே எங்கோ ஆண்களின் குரல் கேட்கத் தொடங்கியது. "பார்த்து, பார்த்து... தலைப்பக்கம் தூக்கு... திருப்பு." அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளும் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்ள வந்தது. கையை வைத்துத் தடுத்தாள்.

"விட்டுடும்மா," என்றார் சாவி மாமா மெல்ல. "உள்ள யாரும் இல்லையே."

அவள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். ஒருவர் இறங்கி வெளியே போக எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை எடுத்தாள்.