வெற்றுக்கல்லில் வந்த தங்கம்

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளைச் சுரங்கக் கம்பெனியின் நிலவியலாளர் நோரீன் ஹாஸ்கெட் மூன்றாம் முறையாகப் படித்தாள். ஆர்வோ நியெமியின் நிலத்தில் ஓடும் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் நரம்பில் டன்னுக்கு ஒன்பது கிராம் தங்கம். சந்தோஷப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் மாதிரிகளுக்கு நடுவே, சோதனைக்காக அவளே போட்டு அனுப்பிய மூன்று வெற்றுக்கற்களிலும் டன்னுக்கு இரண்டு கிராம் வந்திருந்தது. தங்கமே இருக்கக்கூடாத கற்கள் அவை. இருக்கிறதென்றால் யாரோ மாதிரிப் பைகளில் கைவைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? பைகள் இரண்டு நாள் கிடந்தது ஆர்வோவின் கொட்டகையில். வடக்கு ஒன்டாரியோக் காட்டில் முப்பது வருஷமாக அந்த ஒரே நரம்பைக் கட்டிக்கொண்டு அழும் ஃபின்லாந்துக் கிழவர். அவளுடைய கம்பெனி அந்த நிலத்தை எடுத்தால்தான் அவருக்கு விடிவு. மாதிரி எடுத்த அன்றைக்கு அவ்வளவு வற்புறுத்திக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் ஏன் கொடுத்தார்? சந்தேகம் புகுந்த மனசுக்கு ஏலக்காய் வாசனைகூடச் சூழ்ச்சிதான். பைகளில் தங்கத்தூள் தூவப்பட்டிருக்கலாம் என்று மேலதிகாரி கிராண்டுக்குக் காலையிலேயே எழுதிவிட்டு, வண்டியை எடுத்தாள்.

ஆர்வோ வெட்டுக்குழிக்குள் நின்று நரம்பின் மேல் படிந்த சேற்றைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கரும்பாறைக்குள் தொடை கனத்துக்கு வெள்ளைக் கல், ஓரமெல்லாம் துரு.

“வாங்க கல்லு டாக்டரம்மா! நம்ம நரம்புப் புள்ளைக்கு ரிப்போர்ட் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. ஆர்வோ, பைங்களைத் தொட்டீங்களா?”

“தொடாம? வண்டியில ஏத்தினது பின்ன யாரு, உங்க தாத்தாவா?”

“திறந்தீங்களான்னு கேக்கறேன். வெற்றுக்கல்லுல தங்கம் வந்திருக்கு.”

துடைப்பம் நின்றது. கிழவரின் காதுமடல் வரை சிவந்துபோயிற்று.

“நான் தூவினேங்கறே.”

“அப்படிச் சொல்லல.”

“சொல்லாம சொல்லிட்டே. அந்தக் கல்லக் காட்டு.”

வண்டியில் மிச்சம் ஒரு சாக்கு இருந்தது. தங்கம் இல்லை என்று சோதித்துக் கம்பெனி அனுப்பும் கல் தீர்ந்துபோனதால், பூச்செடி ஓரம் அலங்காரத்துக்குப் போடும் வெள்ளைக் கல்லை ஊர் நர்சரியில் வாங்கியிருந்தாள். பால் வெளுப்பு, ஒரு துருப்புள்ளி கிடையாது. இது போதும் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆர்வோ ஒன்றை எடுத்து நாக்கால் நக்கி ஈரமாக்கி, வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“அடிப்பாவி! இது மூடின தங்கச் சுரங்கத்தோட கழிவுமேட்டுக் கல்லு. அதைத்தான் நர்சரிக்காரன் உடைச்சு விக்கறான். அந்தக் காலத்துல ரெண்டு கிராமை எவன் மதிச்சான், தூக்கிக் கொட்டிட்டான். ஊருல எந்தப் பொடிசக் கேட்டாலும் சொல்லும். இத்தனை படிச்சவ, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

நோரீன் கையிலிருந்த கல்லைச் சாக்கிலேயே போட்டாள். கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை, அதுதான் உண்மை. வெட்கத்தில் உடம்பு கூசியது.

“உங்க பெரியவருக்குச் சொல்லிட்டியா?”

“காலைலயே.”

ஆர்வோ குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “தூவினவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எவனும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான். முப்பது வருஷம்மா.”

அவர் எதிரிலேயே கிராண்டுக்கு போன் போட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கல் தீர்ந்தது, நர்சரியில் வாங்கியது, கழிவுமேடு, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எல்லாம் சொன்னாள். மாதிரிகளை மறுபடி எடுக்கலாம், தானே பக்கத்தில் நின்று பூட்டி அனுப்புகிறேன் என்றாள். ஆர்வோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தார்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கிராண்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“காலைல தூவினான்னே. அவனப் பாத்துட்டு வந்து இப்ப தூவலைங்கறே. நோரீன், அந்தக் கிழவன் உனக்கு என்ன தர்றேன்னான்?”