கம்பி இல்லாத இரண்டு கட்டங்கள்

"ஹூஸ்டன்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க, சேலா."

"எண்ணெய்க் கம்பெனியா?"

"ஆமா. நல்ல வேலை. பெரிய குழு."

"அப்புறம் என்ன யோசனை? கிளம்ப வேண்டியதுதானே."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? போனதும் எங்களை மறந்துடாத."

ஆஸ்டினில் அலுவலகக் கார் நிறுத்தத்தில் டிராவிஸ் கூபெனாவோடு பேசிய இந்தப் பேச்சை, சேலா என்று எல்லாரும் கூப்பிடும் கிரேசியலா கவாசோஸ் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை மாற்றினாள். மாற்றியதை வாய்விட்டுச் சொல்லத்தான் துணிவில்லை. ஒரு காலத்தில் கணவனிடம் போகாதே என்று கெஞ்சியவள் அவள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே பெட்டியை மூடினான். இனி யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

டிராவிஸ் இன்று மாலைக்குள் ஹூஸ்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவனோ பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல, ரொட்டியில் சுருட்டிய டாக்கோவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

டாக்கோ வாங்கி வந்தது குழுத்தலைவர் ஹார்லன். அது அந்த அலுவலகத்தின் தண்டனை. பண்ணைகளுக்கான பாசனக் கருவிகள் செய்யும் சின்ன நிறுவனம் அது. கருவிக்குள் இருக்கும் சிப்புக்கான புரோகிராமை அங்கே யாரும் வரி வரியாக எழுதுவதில்லை, வரைவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு கட்டம். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு ஒரு கம்பி. கம்பி வழியே தகவல் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த கட்டம் வேலையைத் தொடங்கும். கம்பிகள் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். பின்பக்கம் திரும்பும் கம்பியை வரைந்தவர் மறுநாள் காலை எல்லாருக்கும் டாக்கோ வாங்க வேண்டும். கிரேசியலா மட்டும் இதுவரை வாங்கியதே இல்லை.

"சேலாவோட படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்யா," என்றார் ஹார்லன், சட்டையில் சிந்திய தக்காளிச் சல்சாவைத் துடைத்தபடி. "என்னோடது மாடு மேஞ்ச வேலி மாதிரி இருக்கு."

"மாடுகூட இவ்வளவு மோசமா மேயாது," என்றான் டிராவிஸ்.

அந்த வாரம்தான் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. வரைந்த படத்தை அது நேராகச் சிப்புக்குள் இறக்கிவிடும். சிப் ஓடும்போதே எந்தக் கட்டம் வேலை செய்கிறது என்று திரையில் ஒளிரவிட்டும் காட்டும். இதற்கு முன்னால் அந்த வசதி கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும்தான் இருந்தது.

கிரேசியலா வரைந்த பம்ப் கட்டுப்பாட்டைச் சோதிக்க மூவரும் பின்முற்றத்துக்குப் போனார்கள். முதலில் வால்வு திறக்க வேண்டும், அப்புறம் பம்ப் ஓட வேண்டும். கணினியில் ஒருநாளும் பிசகியதில்லை. டிராவிஸ் பொத்தானை அழுத்தினான். பம்ப் உறுமியது, வால்வு அசையவில்லை. மூடிய வால்வில் மோதிய தண்ணீர் குழாயின் இணைப்பைப் பிய்த்துக்கொண்டு ஹார்லனின் மேல் கொட்டியது.

"சல்சா போயிடுச்சு பாருங்க," என்றான் டிராவிஸ், பம்பை நிறுத்திவிட்டு.

"சிரிக்காதடா. அடுத்த வாரம் இதைப் பண்ணைக்கு அனுப்பணும்." ஹார்லன் சொட்டச் சொட்ட உடை மாற்றப் போனார்.

கிரேசியலாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. டிராவிஸ் குழாயைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைக் கருவியோடு இணைத்தான். இருவரும் முற்றத்துப் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, சிப்பை மெதுவாக ஓடவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். பம்ப் கட்டம் முதலில் ஒளிர்ந்தது. அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருந்த வால்வு கட்டம் அதற்குப் பிறகுதான் ஒளிர்ந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல கம்பியே இல்லையே, சேலா."

அவளுக்கு நினைவு வந்தது. அங்கே ஒரு கம்பி போட்டால் அது பின்பக்கம் சுற்றி வர வேண்டியிருந்தது. டாக்கோ வாங்க மனமில்லாமல் அதை எடுத்துவிட்டு, இரண்டு கட்டங்களையும் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"கணினியில சரியாத்தானே ஓடிச்சு," என்றாள்.

"அது ஏதோ அதிர்ஷ்டம். கம்பி இல்லன்னா எது முன்னாடி, எது பின்னாடின்னு அதுக்கு என்ன தெரியும்? பக்கத்துல வச்சிட்டா போதும், தானா புரிஞ்சுக்கும்னு நெனச்சியாக்கும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். கிரேசியலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மேசையும் அவள் மேசையும் எத்தனை வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன! ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக் கொல்லையில் இறைச்சி வாட்டுவது அவன்தான். மகள் நொயெமி சைக்கிள் பழகியது அவன் பிடித்துக்கொண்டு ஓடித்தான். இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள். 'அவ்வளவுதானா?' என்று அவன் கேட்டானே, அவள் சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்?

அவள் கம்பியை இழுத்தாள். அது கோணல்மாணலாகப் பின்பக்கம் சுற்றி வந்து பம்ப் கட்டத்தில் சேர்ந்தது.

"ஐயையோ, பாக்கவே சகிக்கல," என்றான் டிராவிஸ். "நாளைக்கு உன் டாக்கோதான். எனக்கு முட்டையும் உருளைக்கிழங்கும்."

"நாளைக்கு இங்க இருப்பியா நீ?"

அவன் கையிலிருந்த தொலைபேசியைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"அவங்களுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் கூப்பிடலாம்னு…"

"என்ன சொல்லப் போற?"

"வரேன்னுதான். இங்க யாரும் போக வேண்டாம்னு சொல்லலையே."

கிரேசியலாவுக்கு எழுந்து உள்ளே போய்விட இப்போதும் நேரம் இருந்தது. அவள் மடிக்கணினியை மூடிப் பெஞ்சில் வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"டிராவிஸ், போகாத. எனக்கு நீ வேணும், நொயெமிக்கும் நீ வேணும். எங்ககூடவே இருந்துடு."