முதுகுக்கு ஏது முகம்?

நான் தையல்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கத்தரியைவிட நீளம் என்பார் என் வீட்டுக்காரர். துணி தைத்து முடித்ததும் வந்தவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகுப் பக்கம் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுவேன். பின்னால் தையல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நன்றாக வந்திருந்தால் அதையே இணையத்தில் என் கடைப் பக்கத்திலும் போட்டுவிடுவேன். முதுகுக்கு ஏது முகம் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம், பட்டன் விற்க வருகிற தம்பி பெட்டியைத் திறக்காமல் நெளிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, இது உங்க கடை நூல் அலமாரி மாதிரி இருக்கே?" என்று போனை நீட்டினான்.

'தனிமையில் வாடுகிறேன், பேச வாங்க' என்று ஒரு விளம்பரம். நீல கவுன் போட்ட முதுகு. நான் தைத்த கவுன்தான். அதற்கு எதிரே நான் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள் என் நாத்தனார்!

"இதையெல்லாம் நீ ஏன்டா பாக்குறே?"

"தானா வந்துச்சுக்கா!"

"தானா வர்றதுக்கு அது என்ன, உன் சித்தப்பாவா?"

வாய் அவனோடு சண்டை போட்டதே தவிர, நினைப்பெல்லாம் அவள் மேல்தான் இருந்தது. என் நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு பிள்ளையின் அப்பா அம்மா கண்ணில் இது பட்டால் போதும், மறுநாள் அவள் எப்படி அங்கே நிமிர்ந்து நிற்பாள்?

அவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று, அந்த விளம்பரம் வந்த தளத்திலேயே நானே புகார் கொடுக்கப் போனேன். 'படத்தில் இருப்பவர் நீங்கள்தானா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். பொருந்தவில்லை என்று ஒரே போடாகப் போட்டது. இருபது கிலோ வித்தியாசம் அதற்கும் தெரிந்துவிட்டது போலும்.

வேறு வழியில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு விஷயம். திட்டாம கேளு."

"நீங்க திட்டாம பேசுறதே பெரிய விஷயம்தான் அண்ணி. சொல்லுங்க."

காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"போடுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"தப்புதான்டி. என் மேலயும் சேத்துப் புகார் குடு" என்று அழுதேன்.

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். முதலில் அந்த விளம்பரத்தை அப்படியே படம் பிடித்து வைத்தாள். "எடுத்துட்டாங்கன்னா சாட்சி இருக்காது" என்றாள். பிறகு புகாரைத் திறந்து முகத்தைக் காட்டினாள். இந்த முறை பொருந்தியது. கீழே, 'இந்தப் படத்தை எடுத்தது யார்?' என்று ஒரு கட்டம். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'என் அண்ணி. அவர் என் நல்லதுக்குத்தான் எடுத்தார். திருடியது வேறு ஆள்' என்று அடித்திருந்தாள்.

நான் இன்னும் பலமாக அழுதேன்.

"மூக்கைத் துடைங்க அண்ணி. உங்க பக்கத்துல இருக்கிற மத்தவங்க முதுகையெல்லாம் முதல்ல நீக்குங்க."

இரண்டு பேருமாக உட்கார்ந்து கடைப் பக்கத்தில் இருந்த இருநூற்றுச் சொச்சம் படங்களையும் நீக்கினோம். பன்னிரண்டில் ஏதோ ஒரு மூலையில் முகம் தெரிந்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். இருவர் நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தியான நர்சம்மா மட்டும், "என் முதுகு அவ்வளவு லட்சணமாவா இருந்துச்சு?" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் விளம்பரம் காணாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை. அவள் போனில் சொன்னபோது நான் கடை நடுவில் நின்று கைதட்டினேன்.

நேற்று புதுத் துணி போட்டுப் பார்க்க வந்தாள். பின்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. அப்படி அமைந்திருந்தது. என் கை துறுதுறுத்தது.

"டீச்சர், உனக்கு மட்டும் அனுப்புறேன். ஒண்ணு எடுக்கட்டுமா?"

"வேணாம் அண்ணி."

இத்தனை வருஷத்தில் என் கடையில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேணாம் என்று சொல்ல, நான் முதலில் அவர்களைக் கேட்டால்தானே!