ஒற்றையாள் கம்பெனி

விடிவதற்கு முன்பே மலைநகரமான எல்டோரெட்டின் குளிர் கையுறையைத் துளைத்துக்கொண்டு விரல் கணுக்களில் ஏறிவிடும். கெரூபோ சூடான ரொட்டிப் பெட்டிகளை அணைத்துத் தூக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் அடுக்கி, ரப்பர் வாரை இழுத்துக் கட்டினாள். நெஞ்சில் ரொட்டியின் சூடு, முதுகில் மலைக்காற்று. பக்கத்து வண்டியில் செருயோட் தன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். இருவரும் பேசவில்லை. போட்டிக் கம்பெனிகள் பேசிக்கொள்வது வியாபாரத்துக்கு அழகல்ல என்று பேக்கரிச் சுவரில் அறிவிப்பு இருந்தது.

போன மழைக்காலம் வரை அவர்கள் பேக்கரியின் தொழிலாளிகள். பிறகு ஒருநாள் உரிமையாளர் கதோகோ டை கட்டி வந்து அவர்களுக்கு விடுதலை அளித்தார். இனி யாரும் கூலியாள் இல்லை, ஒவ்வொருவரும் தனி முதலாளி. தன்னையும் ‘பார்ட்னர்’ என்றே கூப்பிட வேண்டும் என்றார். கை தட்டினார்கள். சம்பளத்தில் பிடித்து அவர் கட்டிவந்த வரியும் ஆஸ்பத்திரிக் காப்பீடும் இனி அவரவர் பாடு என்பது, கை வலித்து நின்ற பிறகுதான் தெரிந்தது. பெட்ரோலும் அப்படியே. பெட்டிக்கு இவ்வளவு என்ற கூலி குறைந்தது. கூலி என்ற பெயரும் போயிற்று. வாசலில் எல்லோரும் டீ குடித்த பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். முதலாளிகள் பெஞ்சில் உட்கார மாட்டார்களாம்.

கெரூபோ தன் பெயரில் கம்பெனி பதிந்தாள். மேனேஜிங் டைரக்டர் அவள், கணக்குப்பிள்ளை அவள், சுமப்பவளும் அவள். காய்ச்சலில் கிடந்தபோது அந்த மேனேஜிங் டைரக்டரிடம் லீவு கேட்டுப் பார்த்தாள்; தரவில்லை. அவ்வளவு கல்நெஞ்சுக்கார முதலாளியிடம் அவள் அதுவரை வேலை பார்த்ததில்லை. ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும், மிஞ்சவில்லை என்று வரி ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும்; மறந்தால் அபராதம். ஒற்றை அறையில் உகாலிக் களி கிளறியபடி, இதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆளை நினைத்துப் பார்ப்பாள். போட்டிக் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும்.

அன்று சக முதலாளி சிமியுவின் வண்டி வரவில்லை. ஈரச் சாலையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டதாம். காப்பீடு கட்டாததால் ஆஸ்பத்திரி நடையில் கிடக்கிறானாம். கதோகோதான் ஜன்னல் வழியே சொன்னார்.

“ஒரு கம்பெனி படுத்துடுச்சு. வருத்தம்தான். அவன் ரூட்டை நீ எடுத்துக்கோ கெரூபோ. வியாபாரம் இப்படித்தான் வளரும்.”

அடுத்த தவணை தவறினால் கடனுக்கு வாங்கிய வண்டி போய்விடும். அந்த ரூட் கிடைத்தால் வண்டி தங்கும். கெரூபோ, சிமியு வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நாளை அவள் விழுந்தாலும் இதே ஜன்னல், இதே வருத்தம்.

“என் கம்பெனியில கலந்து பேசிட்டுச் சொல்றேன் பார்ட்னர்.”

“உன் கம்பெனியில நீ மட்டும்தானேம்மா?”

“அதான் குறை.”

நேரே செருயோட்டிடம் போனாள். எல்லோரும் சேர்ந்து ஒரே கூட்டுறவாகப் பதிவோம், வரியும் காப்பீடும் அதன் பேரில் கட்டுவோம், கூலியும் அதன் பேரில் பேசுவோம் என்றாள். குரல் கரகரத்தது, பேசி நாளாகியிருந்தது.

செருயோட் வாரின் முனையைக் கையில் சுற்றியபடி யோசித்தான். “அப்ப மேனேஜிங் டைரக்டர் யாரு, அக்கா?”

“இத்தனை நாளா இருந்து பார்த்தியே, போதலையா?”

தள்ளி நின்ற ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாக உருண்டு நெருங்கின.

கதோகோ தலையை வெளியே நீட்டினார். “பதிஞ்சு முடிக்க மாசக்கணக்காகும். கம்பெனியோடதான் நான் பேசுவேன். அதுவரைக்கும் நீங்க யாரு?”

“அதுவரைக்கும் ரொட்டி ஆறட்டும் பார்ட்னர்” என்றாள் கெரூபோ.

ஜன்னல் சாத்திக்கொண்டது. ஜெயித்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. தவணை அங்கேயே நின்றது. வார்களை அவிழ்த்து ரொட்டிகளை மேடையில் திருப்பி வைத்தார்கள். காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து, பெஞ்சு இருந்த இடத்தில் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ பிளாஸ்க்கைத் திறக்க, அதன் மூடியில் டீ கைமாறி வந்தது. கடைசியாக வந்தவன் ஓரத்துப் பெட்டியில் உட்காரப் போனான்.

செருயோட் நகர்ந்து தன் பெட்டியிலேயே அவனுக்கு இடம் கொடுத்தான். “அதுல உட்காராத. சிமியு வருவான்.”