முப்பத்தொன்பது பேராசிரியர்களைத் தூங்க வைத்த பாடம்

முப்பத்தொன்பது பேராசிரியர்களையும், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரையும் ஆறே நிமிடத்தில் தூங்க வைத்தவன் நான்.

புத்தாக்கப் பயிற்சியின் பதினோராம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பத்து நாள் ஸ்லைடு பார்த்ததில் எல்லாருக்கும் முதுகெலும்பே கழன்றிருந்தது. ‘மாணவர் கவனத்தை ஈர்ப்பது எப்படி’ என்று மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால்தான் சான்றிதழ். அது இல்லையென்றால், நான்கு வருடமாகக் கிடப்பில் கிடந்த என் பதவி உயர்வு அங்கேயே கிடக்கும். புதிதாக எதுவும் செய்யத் தெம்பில்லாமல், இருபது வருடப் பழைய நோட்ஸையே எடுத்து வாசித்தேன். குறட்டையில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நேரம் முடிந்ததும் பயிற்சியாளர் திடுக்கிட்டு எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “அருமை சார்!” என்று முழு மதிப்பெண் போட்டார். தான் தூங்கியதை அவர் எழுத முடியுமா?

இதை நம்பாத ஒரே ஆள் என் மைத்துனர். அன்று அதே அறையில் முன்வரிசையில் இருந்த வரலாற்றுப் பேராசிரியர்.

“அளக்காதீங்க மாப்ளே. நான் உங்க எதிர்லதான உக்காந்திருந்தேன். ஒருத்தரும் தூங்கல.”

“அப்படியா மச்சான்? அன்னிக்கு நான் என்ன பாடம் நடத்தினேன், சொல்லுங்க பார்ப்போம்.”

மைத்துனர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“நடந்துச்சு மாப்ளே, நடந்துச்சு. முதல்ல சாய்ஞ்சதே நான்தான்.”