மாப்பிள்ளை பழுது பார்த்த டிரையர்

மாப்பிள்ளை கர்ட்டிஸ் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததுமே வெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி காயவைக்கும் மெஷினைப் பார்க்க வந்தவனா, சுரங்கத்தில் இறங்கப் போகிறவனா? பகல் பதினோரு மணி. ஜன்னல் திறந்திருக்கிறது, மேலே குழல்விளக்கு எரிகிறது. இதற்கு மேல் நெற்றியில் வேறு ஒன்று.

"கொஞ்சம் நகருங்க வெல்டா. இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்."

"போன சனிக்கிழமையும் இதத்தான் சொன்னே. அதுக்கு முந்தின சனிக்கிழமையும்."

"இது வேற. புது தெர்மோஸ்டாட் வரவழைச்சிருக்கேன்."

"வரவழை, வரவழை. அப்படியே அதை மாட்டத் தெரிஞ்ச ஆளையும் வரவழைச்சிருக்கலாம்."

அவன் சிரித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். ரோஷம் என்று ஒன்று இருந்தால்தானே? காப்பீட்டு ஆபீசில் இருபது வருஷமாக நாற்காலி தேய்க்கிறவன், ஸ்க்ரூ டிரைவரைப் பேனா பிடிப்பதுபோல் பிடிக்கிறவன், போனில் எவனோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கேஸ் டிரையரின் வயிற்றைப் பிளக்கிறான். ஒரு திருகைக் கழற்றுவான், வீடியோவை நிறுத்துவான். பின்னால் ஓட்டிப் பார்ப்பான். அடுத்த திருகு.

முதல் வாரம் வடிகட்டி வலையில் பஞ்சு அடைத்திருக்கிறது என்றான். அந்த வலையை ஒவ்வொரு தடவையும் கையாலே துடைத்து வைக்கிறவள் அவள். அவளிடம் போய்! இரண்டாவது வாரம் பின்பக்கத்துக் காற்றுக்குழாயை உருவி, அதிலிருந்து வந்த ஒரு பிடி தூசியை போட்டோ எடுத்து அவள் மகள் ஜானெலுக்கு அனுப்பினான். என்னவோ முதலை பிடித்தவன் மாதிரி. ஒவ்வொரு தடவையும் சோதனைக்கு என்று ஒரே ஒரு கைத்துண்டை நனைத்து உள்ளே போடுவான். ஒரு கைத்துண்டுக்கு எதற்கு டிரையர்? வாயால் ஊதினாலே காய்ந்துவிடும்.

அன்றைக்கும் அந்தக் கைத்துண்டு காய்ந்தது. கர்ட்டிஸ் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல வெல்டா. நீங்க ஒருவேளை..." என்று இழுத்தான். "சூடு இல்லாத பட்டனை அமுக்கிடறீங்களோ?"

"எழுபத்தொரு வயசாச்சு எனக்கு. எமில் டிராக்டர் எடுத்துட்டு வயலுக்குப் போனான்னா, பம்புசெட்டு பழுதானாலும் நான்தான் பிரிப்பேன். எந்தப் பட்டன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

சொல்லிவிட்டாளே தவிர, நெஞ்சுக்குள் பயம் குத்திக்கொண்டுதான் இருந்தது. விஷயம் துணியோடு நிற்கவில்லை.

புருஷன் எமில் செத்துப்போன பிறகு பண்ணையை விற்றுவிட்டு, ஹேஸ்டிங்ஸ் நகரத்தில் மகள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இந்த வீட்டை வாங்கி வந்து ஐந்து மாதம் ஆகிறது. வந்ததிலிருந்து டிரையர் சோம்பேறியாகிவிட்டது. மூன்று தடவை சுற்றவிட்டாலும் துண்டுகளின் ஓரத்தில் ஈரம். வெளியில் கொடி கட்டலாம் என்றால் குடியிருப்போர் சங்கத்தில் தடை. துணி காயப்போட்டால் தெருவின் மதிப்பு இறங்கிவிடுமாம், மானங்கெட்டவர்கள். பிப்ரவரி குளிரில் கட்டினாலும் சட்டை பலகையாக விறைத்துத்தான் வரும். சலித்துப்போய் அப்படியே மடித்து அலமாரியில் வைத்தாள். முடை நாற்றம் பிடித்தது. தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரி மூக்கைச் சுளித்தாள். சுளித்தவள் அதோடு விட்டாளா? ஜானெலுக்கு போன் போட்டாள்.

ஜானெல் வந்து ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து முகர்ந்தாள். அம்மா டிரையரை ஓட்டவே மறந்துவிடுகிறாள் என்று முடிவு கட்டினாள். கூடவே ஒரு பட்டியல்: அன்றைக்கு கெட்டில் தீய்ந்தது, அதே கேள்வியை இரண்டு தடவை கேட்டது. வருகிற வியாழக்கிழமை ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்க நேரம் வாங்கியாகிவிட்டது. அவர்கள் கொடுத்த புத்தகத்தில் கிழவர்கள் எல்லோரும் வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். சும்மாவா சிரிக்கிறார்கள், யாராவது கிச்சுக்கிச்சு மூட்டியிருப்பார்கள்.

கெட்டுப்போனது டிரையர் என்று ஊரறியக் காட்டினால் அவள் தன் வீட்டில் இருப்பாள். இல்லையென்றால் கெட்டுப்போனது அவள் மூளை. அவ்வளவுதான் கணக்கு.

ஆகவே புதன்கிழமை அவளே ஒரு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினாள். மாலை நாலு மணிக்கு வரச் சொன்னாள். மகளையும் மாப்பிள்ளையையும் அதே நாலு மணிக்கு வரச் சொன்னாள். கர்ட்டிஸின் மூக்கு உடைபடுவதை ஜானெல் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காகவே காபியும் போட்டு வைத்தாள்.

வந்தவன் பெயர் ஆஸ்கர். கட்டைகுட்டையான ஆள், அதிகம் பேசாதவன். நெற்றியில் விளக்கு கிடையாது என்பதை வெல்டா முதலில் கவனித்தாள். ஈரத் துண்டுகளைப் போட்டு ஓடவிட்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்து, அடியிலிருந்த சின்ன ஓட்டை வழியாக நெருப்பைப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இந்த மெஷின் இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சும்மா?"

"பண்ணையில."

"அங்க கேஸ் எப்படி? முற்றத்துல டேங்க்கா?"

"ஆமா. பெரிய வெள்ளை டேங்க். லாரிக்காரன் வந்து ரொப்பிட்டுப் போவான்."

"அதானே பாத்தேன்." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "டேங்க் கேஸுக்குப் போடற ஜெட்டு இது, கேஸ் வெளிய வர்ற மூக்கு. துளை பொடிசா இருக்கும். இங்க டவுன்ல குழாய்ல வர்றது வேற கேஸ். அதுக்குப் பெரிய துளை வேணும். இல்லேன்னா நெருப்பு இப்படித்தான் மினுக்கு மினுக்குன்னு எரியும். நீங்க நாள் பூரா சுத்தவிட்டாலும் காயாது. வண்டியில ஜெட்டு இருக்கு, மாத்திடறேன். அரை மணி நேரம்."

அவன் வண்டிக்குப் போனான். வெல்டா திரும்பினாள். ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்தது முழுக்க நாக்கு நுனியில் வந்து நின்றது.

"கேட்டியா ஜானெல்? கேட்டுக்கோ! மறதிக்காரி நான் இல்ல. இங்க வந்து இதை மாட்டினது யாரு? உன் புருஷன். மாட்டறவன் கேக்க வேண்டிய முதல் கேள்வி, 'அங்க என்ன கேஸ்'ங்கிறது. வாயில என்ன கொழுக்கட்டையா? தெர்மோஸ்டாட்டு வாங்கினானாம், தூசியை போட்டோ பிடிச்சானாம்! ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்ல, எனக்குப் பட்டன் சொல்லித் தர வந்துட்டான்."

ஜானெலின் முகம் சிவந்தது. "அம்மா, நிறுத்து. அவர் அன்னிக்கே கேட்..."

"நான் கேக்கல," என்றான் கர்ட்டிஸ் அவசரமாக. "என் தப்புதான் வெல்டா. கேட்டிருக்கணும்." காபிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

ஜானெல் அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். பொய்க்குத் துணை நிற்கும்போது பெற்ற மகள் முகம் எப்படி இருக்கும் என்று வெல்டாவுக்குத் தெரியாதா?

வீடு மாறிய அன்றைக்கு நடந்ததை அவள் மனதுக்குள் தேடினாள். லாரி வந்தது ஞாபகம் இருந்தது. கண்ணாடி அலமாரியின் மூலை உடைந்தது, எதிர்வீட்டு நாய் விடாமல் குரைத்தது, மதியம் சாண்ட்விச் சாப்பிட்டது எல்லாம் இருந்தது. கர்ட்டிஸ் டிரையருக்குப் பின்னால் குனிந்து நின்றான். அவன் முதுகு தெரிந்தது. அவன் வாய் திறந்து ஏதாவது கேட்டானா? எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

"கர்ட்டிஸ், என்னைப் பாத்து நெசத்தைச் சொல்லு. கேட்டியா?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டேன்," என்றான் கடைசியில், மெல்ல.

"நான் என்ன சொன்னேன்?"

"விடுங்களேன் வெல்டா. இப்ப எதுக்கு அது?"

"என்ன சொன்னேன்?"

"'கேஸ்னா கேஸ்தான், இங்க இருக்கிறதேதான் அங்கேயும், உனக்கு என்ன தெரியும், மாட்டு'ன்னீங்க."

அது அவள் பேச்சேதான். வேறு எவரும் அவனிடம் அப்படிப் பேச மாட்டார்கள். முப்பது வருஷமாக அந்த டேங்க்கை ரொப்பச் சொல்லி போன் செய்தவளும் அவள்தான். மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

ஆஸ்கர் கருவிப் பெட்டியோடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். கேஸை மூடிவிட்டு முன்பலகையைக் கழற்றத் தொடங்கினான்.

"நாளைக்கு அங்க போறத வேணாம்னு சொல்லிடலாம்," என்றான் கர்ட்டிஸ். "கோளாறு டிரையர்லதான்னு தெரிஞ்சுபோச்சே. இல்லியா ஜானெல்?"

ஜானெல் அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள் வெல்டா.

"ரெண்டரைக்கு," என்றான் கர்ட்டிஸ்.

"ஒண்ணரைக்கே வந்துடு. நீயே வண்டியை ஓட்டு, இவ ஓட்டினா எனக்கு வயித்தைக் கலக்கும்." சற்று நிறுத்தினாள். "அங்க அவங்க என்ன கேட்டாலும் நீயும் பக்கத்துல இருந்து கேட்டுக்கோ, கர்ட்டிஸ். நான் சொல்றதை மட்டும் நம்பிடாதே."