ஓரேனின் முதுகு

“தங்கமான மனுஷி…” என்று பக்கத்து வீட்டு உபேரா ஆரம்பித்ததுமே நெஷ்கா பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள்.

“அத்தை, சும்மா இருங்க! அம்மா ஏற்கனவே கனத்த உடம்பு.”

உபேரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்தவரைப் புகழ்ந்தால் சுமை ஏறும். ஆதியில் ஒரு ராணி செத்தபோது ஊரே மாய்ந்து மாய்ந்து புகழ்ந்ததாம். அன்றன்று செத்தவர்களை முதுகில் ஏற்றிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோகிற சூரியதேவன் ஓரேன், அவள் கனம் தாங்காமல் நடுவானத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பயிரெல்லாம் கருகிப்போயிற்று. அதிலிருந்து, வீட்டார் ஆளுக்கொரு திட்டுத் திட்டித்தான் பாடையைத் தூக்க வேண்டும். அதுவும் உண்மையான திட்டாக இருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் ஓரேன் போய்விடுவான், திரும்பி வந்து அழைத்துப்போக மாட்டான்.

நெஷ்கா காலையிலேயே திட்டிவிட்டாள். தன் கல்யாணத்தன்றுகூட அம்மா தன் மூக்கைக் குறை சொன்னதுதான் விஷயம். பாக்கி அப்பா மட்டும். தோருக் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தினமும் செய்வதுபோல அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

“தோருக், நேரமாச்சுப்பா” என்றார், திட்டுக் கேட்கிற பூசாரி இல்பன்.

“கூழுக்கு உப்பே போட மாட்டா.”

“பொய். அவ கூழ இந்தத் தெருவே குடிச்சிருக்கு.”

“கொறட்டை விடுவா.”

“அது தொந்தரவா ஒனக்கு?”

தோருக் யோசித்தார். “இல்ல… அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது.”

பாடை தூக்க வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வெயில் வாசலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, அம்மா இங்கயே அந்தரத்துல நிக்கணுமா? எதையாவது சொல்லித் தொலைங்களேன்!”

“இல்லாதத எப்படிம்மா சொல்லுவேன்?”

நெஷ்கா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். வேறு வழியில்லை.

“விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்கப்பா. ஒங்கள எழுப்பப் போனேன். கையப் புடிச்சு இழுத்துட்டாங்க. ‘வலை இழுத்து அலுத்துப் படுத்திருக்காரு, தூங்கட்டும் விடு’ன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல.”

தோருக்கின் கை நின்றது. மெல்ல எழுந்தார்.

“ஏன்டி சவேனி… நான் தூங்கி என்னத்தடி கிழிக்கப் போறேன்? பக்கத்துலதானே படுத்திருந்தேன்? ஒரு வார்த்த கூப்புட்டா என்ன? யாரைக் கேட்டு முடிவு பண்ணுன நீ?” அவர் இப்படிக் கத்தி நெஷ்கா கேட்டதே இல்லை. “அழுத்தக்காரி! எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணுவியா?”

இல்பன் தலையசைத்தார். பாடையைத் தூக்கினார்கள்.

தோருக் பாடையைப் பிடித்தபடி கரை வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தார். சூரியன் தண்ணீரைத் தொட்டு, சவேனியை ஏற்றிக்கொண்டு முழுக இறங்கியும்விட்டது. அவர் நிறுத்தவில்லை. போதும் என்று இல்பனும் சொல்லவில்லை.